கண்ணாடித் தொட்டியில் வாடும் பவளம்

பவளம் என்ற அளவில் நம்மவர் நினைவுக்கு வருவது மாலையிற் கோத்த செம்மணி. தூத்துக்குடி, இராமேசுவரம் முதலிய கரைகளில் வாழ்வோர்க்கோ, சுவருக்கும் சுண்ணாம்புக் காளவாய்க்கும் ஒரு காலத்தில் உதவிய முருகைக்கல்லே முதலில் தோன்றும். இவ்விரண்டும் உயிர் நீங்கியபின் எஞ்சிய கூடுகள். அக்கூட்டைக் கட்டிய உயிரோ ஒரு பிராணி. இவ்வுண்மையை 1720-களில் மார்சேல்ஸ் நகரத்து வைத்தியராகிய பெய்ஸொனல் என்பார் கூறியபோது பாரிஸ் நகரத்துப் பண்டிதர்கள் அதனை எளிதில் ஏற்கவில்லை. பூவைப்போல் விரிவதும் கல்லைப்போல் அசையாதிருப்பதுமான ஒன்றைப் பிராணியென்று நம்புதல் அக்காலத்தார்க்கு அரிதாயிருந்தது. பிராணியென்று நம்பினாலன்றோ அதற்கு நோயுண்டு, நோய்க்குப் பரிகாரமும் உண்டு என்னும் எண்ணம் பிறக்கும்!

இக்காலத்தில் ஜெர்மனி, அமெரிக்கா, ஜப்பான் முதலிய தேசங்களில், பவளத்திட்டின் ஒரு சிறு பகுதியைத் தம் வீட்டுக் கூடத்திலேயே கண்ணாடித் தொட்டியில் வளர்ப்போர் பலர். ஜகார்த்தா நகரில் வாழ்ந்த லீ சின் எங் என்பார், கடலிலிருந்து உயிர்கள் ஒட்டிய பாறைத் துண்டுகளைக் கொணர்ந்து தொட்டியிலிட்டுக் காற்றுக் குமிழிகளைச் செலுத்திப் பவளங்களை வாழவைத்த முறையை 1961-ம் வருஷத்தில் எழுதி வெளியிட்டார். பின்னர் ஜெர்மானியர், பிரகாசமான விளக்கையும், நீரின் அழுக்கை நுரையாகத் திரட்டி வெளியேற்றும் ஸ்கிம்மர் என்னும் கருவியையும் சேர்த்துப் பெர்லின் முறை என ஒன்றை வகுத்தனர். நம் நாட்டிலோ, 1972-ம் வருஷத்து வனஜீவராசிகள் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கற்பவள இனங்கள் யாவும் 2001-ல் சேர்க்கப்பட்டமையால், புலிக்குள்ள காவல் பவளத்திற்கும் உண்டு. அதனைக் கடலிலிருந்து எடுத்து வீட்டில் வைத்தல் குற்றமாகும். அச்சட்டம் நல்லதென்றே நாம் கருதுகின்றோம்.

எனினும் இவ்விஷயம் நமக்குப் புறம்பானதன்று. மன்னார் வளைகுடாவின் பவளங்கள் 1998, 2010, 2016 ஆகிய வருஷங்களின் கோடையில் வெளுத்தன. கடலுக்கடியில் நெடுந்தூரம் பரவி நிகழும் அந்நோயை அருகிருந்து நோக்குவதற்குத் தொட்டியே தகுந்த இடம். ஆதலின் தொட்டிப் பவளம் வாடும்போது அதன் நோயை அறிவது எங்ஙனம், அதற்குச் செய்யத்தக்கது யாது என்பவற்றை ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

முதலில் அப்பிராணியின் குடித்தனத்தை அறிதல் வேண்டும். பவளக்கொத்து என்பது, பாலிப் எனப்படும் சிற்றுயிர்கள் பல ஒன்றோடொன்று தோலால் இணைந்து வாழும் ஓர் ஊர். ஒவ்வொரு பாலிப்புக்கும் ஒரு வாயும், அதனைச் சூழ்ந்த விரல்களும், ஒரு வயிறும் உண்டு. தசையோ மெல்லியது, ஒளி ஊடுருவக்கூடியது. அத்தசையினுள்ளே ஜூசாந்தெல்லா என்னும் நுண்ணிய பழுப்புநிறப் பாசிகள் குடியிருக்கின்றன. பவளத்தின் கழிவுப்பொருள்களை அவை பயன்படுத்திக்கொள்ளும். ஒளியைக்கொண்டு தாம் சமைத்த உணவிற் பெரும்பங்கைப் பவளத்திற்குக் கொடுக்கும். 1928-29-ல் யங் என்பார் தலைமையில் ஆஸ்திரேலியாவின் பெருந்தடைப் பவளத்திட்டைச் சார்ந்த லோ ஐல்ஸ் என்னும் சிறு தீவில் தங்கி ஆராய்ந்த கூட்டத்தார், மிகுந்த வெப்பத்திலும் பட்டினியிலும் பவளங்கள் தம் பாசிகளை வெளியே தள்ளிவிடுவதைக் கண்டனர். ஆயினும் பாசி பவளத்திற்கு உணவூட்டுகின்றது என்பதை யங் ஒப்பவில்லை. பவளம் இரைபிடித்து உண்ணும் பிராணியென்றே அவர் வற்புறுத்தினார். பிற்காலத்தில் கதிரியக்கமுள்ள கார்பனைக் கொண்டு செய்த சோதனைகளால், பாசி சமைத்த உணவு பிராணியின் உடலிற் சேர்வது ஐயமின்றி விளங்கிற்று. இரு கட்சியிலும் உண்மை உண்டு. பவளம் பகலில் பாசியிட்ட சோற்றையும், இரவில் தானே பிடித்த இரையையும் உண்டு வாழ்கின்றது. இவ்விரட்டை வாழ்க்கையை மறவாதிருப்பின் நோய்க்குறிகளிற் பல தாமே விளங்கும்.

நம் சித்த வைத்தியர்கள் நோயாளியை நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என எட்டு வகையாற் சோதிப்பர். பவளத்திடம் நாடி பார்ப்பதற்கில்லை. மொழியோ விழியோ அதற்கு இல்லை. நிறம் ஒன்றும், தசை விரிந்தும் சுருங்கியும் நிற்கும் நிலை ஒன்றுமே வைத்தியனுக்குக் கிடைக்கும் சான்றுகள். அவற்றுள்ளும் மிகுதியாகக் காணப்படுவதும், மிகுதியாகத் தவறுதலாக உணரப்படுவதும் வெண்மை நிறம். வெளுத்த பவளத்தைக் கண்டவுடன் அது மாண்டதென்று எண்ணி எறிந்துவிடுவோர் உளர். அவர் எறிவது பலமுறை உயிருள்ள பிராணியையே.

வெண்மை இருவகைப்படும். பாசி மட்டும் நீங்கித் தசை நிற்பது ஒன்று. தசையே உரிந்து கூடு வெளிப்படுவது மற்றொன்று. முன்னதில் ஒளி ஊடுருவும் தசையின் வழியே உள்ளிருக்கும் கூட்டின் வெண்மை தெரிகின்றது; அவ்வளவே. இரண்டையும் பகுத்தறிவது கடினமன்று. விளக்கை ஒருபுறமாகச் சாய்த்துப் பூதக்கண்ணாடியால் நோக்கின், தசையுள்ள வெண்மை ஈரப் பளபளப்போடும் வழுவழுப்போடும் தோன்றும். பாலிப்புகளின் வாய்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும். இரவில் சிறிது இரையை அருகே விட்டால் விரல்கள் மெல்ல நீளும். தசையற்ற வெண்மையோ சுண்ணாம்புக்கட்டிபோல் வறண்டு, கூட்டின் கூரிய விளிம்புகளைக் காட்டும். இன்னும் ஐயமிருப்பின் சில நாள் பொறுத்தல் போதும். வெற்றுக்கூட்டின்மேல் பச்சைப்பாசி படரத் தொடங்கும்; உயிருள்ள தசையின்மேல் அஃது எளிதில் படராது. முன்னைய நோயாளிக்கு வேண்டுவது ஓய்வும் உணவும். பின்னையதற்குச் சிலவேளை கத்தியே வேண்டும். இவ்விரண்டையும் மாற்றிச் செய்தால் பிழைக்கக்கூடியதும் மாளும்.

வெண்மை எவ்விடத்தில் தொடங்கிற்று என்பதும் நோக்கற்பாலது. மேற்புறம் மட்டும் வெளுத்து, நிழலிலுள்ள அடிப்புறம் நிறம் மாறாதிருப்பின், விளக்கின் ஒளி மிகுதியென்று ஊகிக்கலாம். புதிய விளக்கு வாங்கியோர் வீட்டில் இது பெரும்பாலும் நிகழ்வது. கொத்து முழுவதும் ஒருசேர வெளுத்தால் முதலில் உஷ்ணமானியைப் பார்க்கவேண்டும். கிளைகளின் நுனி மட்டும் தீய்ந்தாற்போல் வெளுப்பது, காரத்தன்மை மிகுந்து, உரச்சத்து மிகக் குறைந்த நீரிற் காணப்படுவது. அடியிலிருந்து தசை உரிந்து மேலேறினால் நோய் கடியது. சில கிளைப்பவளங்களில் ஓர் இரவு கழிவதற்குள் கொத்து முழுவதும் வெறுங்கூடாய் நிற்பதுண்டு. இவற்றுக்கு மாறாக, வண்ணப் பவளம் பழுப்பாக மாறுவது பாசி பெருகியதற்கு அடையாளம். ஒளிக்குறைவோ நைத்திரேட் மிகுதியோ அதற்குக் காரணமாகலாம். பழுத்த பவளம் அழகிற் குன்றுமேயன்றி உயிருக்கு அஞ்சவேண்டுவதில்லை.

குறிகளைக் கண்டபின் மருந்துப் புட்டியைத் தேடுதற்கு முன்னர் நீரைச் சோதிக்கவேண்டும். தொட்டியில் வாடும் பவளங்களுள் மிகப் பலவற்றின் நோய் நீரிலுள்ளதேயாம். உஷ்ணம் 25 அல்லது 26 டிகிரி சென்டிகிரேட், உப்பு ஆயிரத்தில் 35 பங்கு, காரத்தன்மை ஜெர்மன் டிகிரியில் 7 முதல் 9 வரை, கால்ஸியம் லிட்டருக்கு 420 மில்லிகிராம் அளவில், மக்னீஸியம் 1300 அளவில் இருத்தல் நன்று. இவ்வெண்களை மந்திரம்போற் போற்றி, சிறிது விலகினாலும் நடுங்குவோர் உளர். எண் சிறிது ஏறியோ இறங்கியோ இருப்பதனாற் கெடுதியில்லை; அது நாளுக்குநாள் ஆடுவதே கெடுதி.

உப்பின் அளவை எடுத்துக்கொள்வோம். 200 லிட்டர் தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு 4 லிட்டர் நீர் ஆவியாகின்றது என்க. நீர் போகுமேயன்றி உப்புப் போகாது. ஐந்து நாள் கவனியாது விட்டால் 20 லிட்டர் குறைந்து, 35 பங்கிலிருந்த உப்பு ஏறக்குறைய 39 பங்காகிவிடும். குறைந்த நீருக்கு ஈடாகக் கடல்நீரை ஊற்றுவோர் உப்பை மேலும் ஏற்றுவர். ஊற்றவேண்டுவது உப்பில்லாத சுத்தநீர். அதுவும் நாடோறும், சிறிது சிறிதாக. குழாய் நீரில் செம்பு முதலியன கலந்திருக்கக்கூடும். செம்பு மீனுக்கு மருந்தாயினும் பவளத்திற்கு நஞ்சு. ஆதலின் வடித்த நீரோ, ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ் முறையிற் சுத்திசெய்த நீரோ கொள்க.

காரத்தன்மையின் கணக்கு இன்னும் சுவையானது. பவளம் தன் கூட்டைக் கட்டுவதற்குக் கால்ஸியத்தையும் கார்பனேட்டையும் ஒருங்கே எடுக்கின்றது. கடல்நீரிற் கால்ஸியம் பெருஞ்சேமிப்பாகவும், காரத்தன்மை சிறு கைம்முதலாகவும் உள்ளன. காரத்தன்மை 8 டிகிரியிலிருந்து 6-க்கு இறங்கும்போது கால்ஸியம் லிட்டருக்கு 14 மில்லிகிராம் அளவே குறையும். 420-ல் 14 என்பது சோதனையின் பிழைக்குள் மறைந்துபோம். எனவே கால்ஸியத்தை மட்டும் அளந்து யாவும் நலமென்றிருப்பவர், கைம்முதல் கரைவதை அறியார். இதற்குப் பரிகாரம் விலையுயர்ந்ததன்று. நம் அடுக்களையிலுள்ள ஆப்பசோடா 6 கிராம், 200 லிட்டர் நீரின் காரத்தன்மையை ஒரு டிகிரி உயர்த்தும். சுண்ணாம்புத் தெளிநீரை இரவில் துளித்துளியாக விடுவது மற்றொரு முறை; அதனாற் கால்ஸியமும் காரமும் ஒருங்கே கிடைக்கும். எதுவாயினும் நாளொன்றுக்கு ஒரு டிகிரிக்குமேல் உயர்த்தலாகாது. தாழ்ந்த காரத்தன்மையிற் பல நாள் தாக்குப்பிடித்த பவளம், அதனை ஒரே மாலையில் நேராக்கியதனால் தசை உரிந்து மாண்டதுண்டு.

நீரின் தூய்மை பற்றியும் ஒன்று கூறவேண்டும். நைத்திரேட்டும் பாஸ்பேட்டும் அறவே இல்லாத நீரே சிறந்ததென்று பலகாலம் எண்ணி வந்தனர். இங்கிலாந்தில் சௌதாம்ப்டன் சர்வகலாசாலையின் பவள ஆய்வுக்கூடத்தார் 2013-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நைத்திரேட் மிக்கிருந்து பாஸ்பேட் போதாதிருக்கும் நீரிற் பவளங்கள் வெப்பத்திற்கும் ஒளிக்கும் எளிதில் வெளுப்பதைக் காட்டினர். பாசியும் ஓர் உயிரன்றோ? அதற்கும் உரம் வேண்டும். சோதனையில் இரண்டும் சுழியமென்று கண்டால் மகிழ்வதற்கில்லை. மீனுக்கு இரையைச் சிறிது கூட்டுவதே மருந்து.

இனி வெளுத்த பவளத்திற்குச் செய்யத்தக்கன. வெப்பம் காரணமாயின், ஒரு நாளைக்கு ஒரு டிகிரி வீதம் மெல்ல இறக்குக. நீர்ப்பரப்பின்மேல் சிறு மின்விசிறியைத் திருப்பிவைத்தால் ஆவியாதல் மிகுந்து, இரண்டொரு டிகிரி குறையும். அதனால் நன்னீரை முன்னிலும் மிகுதியாக ஊற்றவேண்டிவரும். பனிக்கட்டியை நேரே போடுதல் தகாது. ஹீட்டர் அணையாது ஒட்டிக்கொண்டு தொட்டியைச் சுடவைப்பதும் உண்டாதலின் அதனையும் நோக்குக. பின்னர் ஒளியைப் பாதியாகக் குறைக்கவேண்டும். இது சிலர்க்கு விந்தையாகத் தோன்றும். பாசியை இழந்த பவளத்திற்கு ஒளி மிகுதியாக வேண்டாவோ என்பர். எஞ்சிய சில பாசிகள் வெப்பத்தால் தம் சமையற்கருவி பழுதுபட்டவை. அந்நிலையில் அவற்றின்மேல் விழும் ஒளி உணவாகாமல், உடலை அரிக்கும் கடிய ஆக்ஸிஜன் வகைகளாக மாறுகின்றது. அக்கேட்டினின்று தப்பவே பவளம் பாசியைத் தள்ளுகின்றது. ஆகவே விளக்கைச் சற்று உயர்த்துக, அல்லது வலைத்துணியால் மறைக்க.

ஒளி குறைந்த நாள்களிற் பசியை ஆற்றுவது இரையே. அப்போது பொரித்த ஆர்ட்டீமியா இறாற்குஞ்சுகளை வாரத்தில் இரண்டு மூன்று இரவு, நீரோட்டத்தை நிறுத்தி, விரல்கள் விரிந்திருக்கும் வேளையில் குழலால் மெல்ல விடுக. இரை மிகுந்தால் நீர் கெடும். அது நோயாளிக்கு விருந்திட்டு வீட்டைக் கொளுத்துவது போலாம். இவற்றுக்குமேல் அந்நாள்களில் வேறொன்றும் செய்யவேண்டா. புதிய உப்பு, புதிய விளக்கு, புதிய மருந்து என ஒரே வாரத்தில் யாவும் மாற்றினோன், பவளம் தேறினாலும் எதனால் தேறிற்று என அறியான்; மாண்டாலும் எதனால் மாண்டது என அறியான்.

தசை உரியும் நோயில் இப்பொறுமை பயன்படாது. உரிதல் நாளுக்குநாள் மேலேறக் கண்டால், கொத்தைத் தொட்டியிலிருந்து எடுத்து, உயிருள்ள தசைக்குள் ஒரு விரற்கடை உட்சென்று வெட்டி, நலமுள்ள கிளைகளைத் தனித்தனியே வேறு கல்லில் ஒட்டி வாழவைக்கவேண்டும். தடித்த தசையுள்ள இனங்களிற் பழுப்புக் கூழ்போன்ற பொருள் மூடித் தசையை அழிப்பதுண்டு. உருப்பெருக்கியில் நோக்கின் அக்கூழில் தசையை உண்ணும் நுண்ணுயிர்கள் திரளாக நீந்தும். அதனைத் தொட்டியினுள்ளே ஊதிக் கலைத்தால் அண்டையிலுள்ள கொத்துக்கும் பரவும். குழாயால் உறிஞ்சி எடுத்தபின் பவளத்தைத் தனிப்பாத்திரத்துக் கடல்நீரிற் கழுவி, அயோடின் கலந்த நீரில் குறித்த நிமிஷங்கள் மட்டும் தோய்த்து, நல்ல நீரோட்டத்தில் வைப்பர்.

2014-ம் வருஷத்தில் பிளாரிடாவின் மையாமிக் கரையருகே தோன்றிய தசை உரியும் கொள்ளைநோய் கரீபியன் கடலெங்கும் பரவியபோது, நீர்மூழ்குவோர் அமாக்ஸிஸிலின் மருந்தைப் பசையிற் குழைத்துப் புண்ணின் விளிம்பிற் பூசினர். பல கொத்துகளில் அப்புண் ஆறிற்று. நோய் எட்டாத பவளங்களை முன்னரே எடுத்து, அமெரிக்காவின் பல மிருகக்காட்சிசாலைகளிலும் மீன்காட்சிசாலைகளிலும் தொட்டிகளில் காத்து வருகின்றனர். வீட்டுத் தொட்டியின் கலையைப் பொழுதுபோக்கென்று இகழ்வோர் இதனை நினைத்தல் நன்று. ஆயினும் அவ்வகை மருந்தைத் தொட்டிநீர் முழுவதிலும் கரைப்பது பெருங்கேடு. கழிவை மாற்றித் தரும் நல்ல நுண்ணுயிர்களும் உடன் அழிய, நீரில் அம்மோனியா ஏறும்.

நீரும் நலம், வெப்பமும் ஒளியும் நலம், எனினும் பவளம் தேய்கின்றதாயின் இரவில் கைவிளக்கோடு தொட்டியைக் காணவேண்டும். பகலில் ஒளிந்திருக்கும் பகைவர் அப்போது வெளிவருவர். கிளைப்பவளத்தின் தசையைத் தின்னும் தட்டைப்புழு, தான் கடித்த இடத்தில் வட்டமான வெளிர்ப்புள்ளிகளை விட்டுச்செல்லும். உடலோ பவளத்தின் நிறத்தையே கொண்டமையாற் கண்ணுக்கு எளிதில் அகப்படாது. தோய்மருந்து புழுவை விழச்செய்யும், முட்டையைக் கொல்லாது. முட்டைகளைச் சுரண்டியெடுத்து, சில வாரம் மீண்டும் மீண்டும் தோய்த்தாலன்றித் தொல்லை தீராது. அண்டை அயலாரின் சண்டையும் உண்டு. கலாக்ஸியா போன்ற பவளங்கள் இருளில் நீண்ட கொடுக்குவிரல்களை வீசி அருகிலுள்ளதைச் சுட்டெரிக்கும். சில மென்பவளங்கள் நீரில் நஞ்சைக் கசியவிடும். முன்னதற்கு இடைவெளியும் பின்னதற்குக் கரிவடிகட்டியும் தக்க பரிகாரங்கள்.

தேறுதல் மெல்ல வரும். சில வாரங்கள் முதல் பல மாதங்கள் வரை செல்லும். வெளுத்த கொத்தில் முதலில் பழைய வண்ணம் தோன்றாது. மங்கிய பழுப்பு நிறம் அங்குமிங்கும் படியும். இதுவே பாசி மீண்டும் குடியேறியதற்கு அடையாளம்; சிவப்பும் நீலமும் அதன் பின்னரே வரும். ஒளியை அப்போதும் ஒரே நாளில் பழைய அளவுக்கு ஏற்றாது, நான்கைந்து வாரங்களிற் படிப்படியாக உயர்த்துக. தசை உரிந்த கொத்திலோ, எஞ்சிய தசையின் விளிம்பு தடித்து, வெற்றுக்கூட்டின்மேல் மெல்ல ஊர்ந்து மூடும். அவ்விடத்தைப் பச்சைப்பாசி முன்னரே கவர்ந்திருப்பின் தசை அதனைக் கடப்பது அரிது. பாசியைச் சுரண்டி வழிவிடவேண்டும். தேர்ந்த வளர்ப்போர் மற்றொரு வழக்கமும் உடையர். பவளம் நலமாயிருக்கும்போதே அதன் கிளையொன்றை வெட்டி, நண்பர் ஒருவர் தொட்டிக்கு விதைநெற்போல் கொடுத்துவைப்பர். தம் தொட்டியில் யாவும் அழிந்த காலத்தில், அக்கிளையிலிருந்து வளர்ந்த கொத்தினின்று ஒரு துண்டைத் திரும்பப் பெறுவர்.